கோலப் போட்டிக்குப் பேர் கொடுத்த கதை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் பெண்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தினமும் காலையில் அதில் மூன்று ஆங்கில எழுத்துகள் வரும். அந்த மூன்றும் இருக்கிற ஆங்கில வார்த்தைகளை எழுதிப் போட வேண்டும். அதிகம் எழுதியவருக்குக் குழுவில் ஒரு கிரீட எமோஜி. மாதக்கணக்கில் அந்தக் கிரீடம் எங்கள் மாடிவீட்டு மேடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் ஆங்கிலம் நடத்துகிறார்.

நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். ஒருநாள் ஆசைப்பட்டு நான்கு வார்த்தைகள் போட்டேன். ஒன்று தப்பு. அன்று சாயங்காலம் ஸ்கூல் வேன் நிற்கும் இடத்தில், ஏழெட்டுப் பெண்கள் எதிரில், மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கு எதுக்குக்கா இங்கிலீஷெல்லாம்? கோலப் போட்டிக்குப் பேர் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வேனிலிருந்து இறங்கிய என் மகள் தலையைக் குனிந்துகொண்டு பையின் வாரைத் திருகினாள். இத்தனைக்கும் எனக்குக் கோலமும் வராது. இந்த அம்மாவைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தினமும் அவர் போடும் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவில் ஒரு ரிப்போர்ட்டில் அளவுகள் ரொம்ப ஒழுங்காக இருந்தால் உடனே சந்தேகப்படுவோம். நிஜமாகவே அளந்திருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மேடத்தின் பட்டியலில் முதலில் எட்டெழுத்து வார்த்தைகள், பிறகு ஏழு, பிறகு ஆறு. அதற்குள்ளும் ஏ, பி, சி வரிசை. யோசித்து எழுதுகிறவர்களுக்கு வார்த்தைகள் இப்படி வரிசையில் வராது. தேடிப் பார்த்தேன். எழுத்தைக் கொடுத்தால் வார்த்தைகளைக் கொட்டுகிற ஒரு வலைத்தளத்தில் அதே பட்டியல், அதே வரிசை.

குழுவிலேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்து நாலு பேர் எதிரில் அல்லவா சிரித்தார்? மகளிர் தினத்துக்குக் கரும்பலகையில் இந்தப் போட்டியை வைக்கலாம், ஃபோன்களையெல்லாம் ஒரு வாளியில் போட்டுவிடலாம் என்று குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளரிடம் பவ்யமாகச் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அதன்பின் இரண்டு மாதம், வேலைக்குப் போகும் பஸ்ஸில் பழைய ரிப்போர்ட்களைப் பிரித்து வைத்துக்கொண்டு வார்த்தைகளை உருப்போட்டேன்.

மகளிர் தினத்தன்று சங்க ஹாலில் வந்த எழுத்துகள் ஏ, ஆர், டி. நேரம் ஐந்து நிமிடம். ஆப்பரேட்டர், டாலரன்ஸ், டெம்பரேச்சர், ராட்செட், அடாப்டர், கார்ட்டன் என்று என் கை ஓடியது. எல்லாம் நான் தினமும் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் இருப்பவை. பத்தொன்பது எழுதினேன். மேடம் ஆறு எழுதிவிட்டு, சாக்பீஸும் கையுமாக ஃபோன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலைக்குள் வார்த்தை இல்லாமல் இல்லை, தானே யோசித்துத் தேடுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

செயலாளர் மைக்கை என்னிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"கோலப் போட்டி கீது மேடம். பேர் குடுக்கட்டா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. இத்தனை நாள் காத்திருந்ததற்கு அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. முன்வரிசையில் மேடத்தின் மகள் தலையைக் குனிந்துகொண்டு துப்பட்டா நுனியைத் திருகினாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நேராக மேஜைக்குப் போய், அடுத்து நடக்கவிருந்த கோலப் போட்டியின் பட்டியலில் முதல் பெயராக மேடத்தின் பெயரை ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில் எழுதினேன்.