ஐந்தாவது அடி

அயர்லாந்தில் எங்கள் மேக் ஆற்றங்கரையில் கூரை வேயும் கோர்மாக் ஹார்ட்டிகனைத் தெரியாதவர் கிடையாது. ஆற்று நாணலை அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாக ஏற்றி அவர் வேய்ந்த கூரைகள் இன்றும் ஒழுகுவதில்லை. ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது கூரைக்காக இல்லை. அவர் வாய்க்காக.

சனிக்கிழமை என் மதுக்கடையில் கணப்பைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவனும் தன் இடப்பக்கத்து ஆளைக் கிண்டல் செய்து ஐந்தடிப் பாட்டு ஒன்று கட்ட வேண்டும். முதல் இரண்டு அடியும் கடைசி அடியும் ஒரே ஓசையில் முடியும். நடுவே குட்டையாக இரண்டு அடி. முடிந்ததும் கூட்டம் முழுக்க லிமெரிக் பட்டணத்துக்கு வரச்சொல்லிப் பல்லவி பாடும். அந்தக் காலத்தில் பிரான்சில் சண்டை போட்டுத் திரும்பிய நம் சிப்பாய்கள் கொண்டுவந்தது இது என்பார் சிலர். அதெல்லாம் இல்லை, ஐரிஷ் மொழியில் இதே ஆற்றங்கரைப் புலவர்கள் குடித்துவிட்டு ஒருவரையொருவர் வைத வசைதான் என்பார் கோர்மாக். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று நாலு அடியை அச்சடித்து, ஐந்தாவதை எழுதுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே!

"அஞ்சாவது அடிய அடுத்தவன்கிட்ட கேக்கறவன் பாட்டுக்காரனா? த்தூ!"

அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவன் அவர் மகன் டென்னி. எனவே வாராவாரம் அப்பனைக் கிண்டல் செய்வது மகன் வேலை. அதைக் கேட்கவே கூட்டம் வரும். அப்பன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒரு மார்கழி வெள்ளத்தில் நாணல் ஏற்றிய படகு கவிழ்ந்து டென்னி போய்விட்டான்.

துக்க வீட்டுக்காரனை ஒரு வருஷம் பாட்டில் தொடக்கூடாது, அவனும் பாடமாட்டான். அது எங்கள் வழக்கம். கோர்மாக் வந்தார், உட்கார்ந்தார். முறை அவரைத் தாண்டிப் போனது. வருஷம் முடிந்தது. அப்போதும் தாண்டியே போனது. டென்னியின் இடத்தில் இப்போது உட்கார்ந்தவன் பேட் க்வெய்ட் என்ற கொல்லன். அவன் முறை வந்தால் தொண்டையைச் செருமி, கோர்மாக்கைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆளைப் பாடுவான். பாவம் என்ற நினைப்புதான். டென்னி பெயரையே எவனும் எடுப்பதில்லை.

தன்னைக் கிண்டல் பண்ண வைக்க அந்த மனிதர் என்னென்னவோ செய்து பார்த்தார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். பிறகு ஒருநாள் நிஜமாகவே ஏணி சறுக்கி, பாதிரியார் வீட்டு எருக்குழியில் தலைகீழாக விழுந்தார். முன்பு என்றால் அதற்கு இருபது பாட்டு பிறந்திருக்கும்! அந்தச் சனிக்கிழமை எல்லோரும், "அடி பலமா? ஜாக்கிரதையா இருங்க" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்மாக் குவளையைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, செத்தது என் புள்ள. என்னை எப்பப் பொதச்சீங்க?"

அவர் எழுந்து கோட்டை மாட்டினார். இன்று வாசலைத் தாண்டினால் இனி வரமாட்டார் என்று எனக்குப் பட்டது.

கடைக்காரி எந்தப் பக்கமும் சேராதவள், அதனால் நான் பாடக்கூடாது. அதுவும் வழக்கம்தான். நாசமாய்ப் போகட்டும் வழக்கம்!

"யோவ் கோர்மாக், உக்காரும்!" என்று கத்திவிட்டுப் பாட ஆரம்பித்தேன்.

*ஏணிமேல ஏறினாரு ஒரு ஆளு,*
*எருக்குழியில நீட்டிக்கிச்சு ரெண்டு காலு;*
*பன்னி வந்து பாத்துச்சு,*
*பதறி மூக்கைப் பொத்துச்சு...*

வாசலில் நின்றவர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசில் வைத்திருந்த கடைசி அடி பறந்து போய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன். பேட் தலையைக் குனிந்துகொண்டான். ஐயோ, கடவுளே, இதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ம்?" என்றார் கோர்மாக். "அஞ்சாவது?"

"வரமாட்டேங்குதுய்யா."

"என்கிட்டயா கேக்குற?"

"ஆமாம். உம்மகிட்டதான் கேக்குறேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். பாடினார்.

*இதக் கண்டா சிரிப்பானே டென்னி வாலு!*

பல்லவியை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கூரை அதிர்ந்தது. பேட் அழுதுகொண்டே பாடினான், நானும்தான். கோர்மாக் மட்டும் பாடவில்லை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, பல்லவி ஓயும்வரை முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கத்து ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இப்ப என் முறைதானே?"