விட்டுப்போன கார்

எண்பதுகளில் எடப்பாடியில் என் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். ஒல்லியான தேகம், இறுக்கி முடிந்த கொண்டை. வேலை முடிந்து வந்ததும் சேலைமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற சின்ன ஜப்பான் காருக்கு அடியில் போய்விடுவார். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாகப் பரப்பி வைப்பது அவர் வழக்கம்.

வேறொருத்தியோடு போன புருஷன், "இந்த ஓட்டை வண்டியையும் நீயே வெச்சுக்க" என்று விட்டுப்போன கார் அது. அதற்கு இங்கே உதிரிபாகம் கிடைக்காது. திருச்செங்கோட்டு லேத்தில் பிஸ்டன் கடைந்து வாங்கி, வேறு காரின் கார்புரேட்டரைப் பொருத்தி, மூன்று வருஷத்தில் அதை ஓட வைத்தார்.

கார் ஓடுவது தெரிந்ததும் புருஷன் சொல்லியனுப்பினார். ஆர்.சி. புத்தகம் தன் பேரில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம். சனிக்கிழமை காலையிலேயே அக்கா காரைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்கக்கா, ஓடற வண்டியக் கழட்டறீங்க?" என்று கேட்டேன்.

"அவரு எப்படி உட்டுட்டுப் போனாரோ, அப்படியே குடுக்கோணுமல்ல சாமி."

மறுநாள் புருஷன் புது மனைவியோடு வந்து சாவியைத் திருகினார். கார் அசையவில்லை. அக்கா பின் சீட்டில் இருந்த சாக்கைக் காட்டினார். உள்ளே துருப்பிடித்த பழைய பிஸ்டன்கள்.

"உங்க சாமான் ஒன்னுகூடக் கொறையலீங்க. பாத்துக்கங்க."

மாடு கட்டித்தான் காரை இழுத்துப் போனார்கள். தெருவே சிரித்தது, அக்கா சிரிக்கவில்லை. மூன்று வருஷ உழைப்பை ஒரே நாளில் பிரித்தபோது அவர் கைகள் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.