பச்சைக் கதவு வீட்டுப் பேய்

அந்தப் படம் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் இருந்தது. ஈரத் தலையை விரித்துப் போட்டபடி ஒரு பெண். அவளுக்குப் பின்னால், உச்சியிலிருந்து பிளந்து இரண்டாக நிற்கும் ஒரு கோபுரம். என் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது, பெண்ணைப் பார்த்து அல்ல, கோபுரத்தைப் பார்த்து. அன்று காலையில்தான் அதன் அடியில் நின்று பூ வாங்கி வந்திருந்தேன். இன்று தென்காசிக்கு வருகிறவர்கள் முழுக் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அப்போது அது பிளந்துதான் கிடந்தது. அதுவரை எத்தனையோ பேய்க்கதைகள் படித்திருக்கிறேன். எல்லாப் பேய்களும் எங்கோ பெயர் தெரியாத ஊர்களில் உலாவின. இது நான் பூ வாங்கும் இடத்தில் நிற்கிறது! என்னையறியாமல், "ஐயோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"என்னத்தட்டி ஐயோ?" என்றபடி அடுக்களையிலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை என்றால் என் மாமியார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். என் கணவர் காலையில் செங்கோட்டை மர டிப்போவுக்கு வேலைக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். பகல் முழுக்க நானும் அத்தையும்தான். நெட்டையான, நடையில் வேகமான பெண்மணி. "உப்புப் போட்டாச்சா?", "கொடியில துணி காஞ்சுட்டா?" என்பதற்கு மேல் என்னிடம் பேசியதில்லை. கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. கரிசல்காட்டில் திருவேங்கடம் பக்கத்திலிருந்து வந்தவள் நான். மூன்று மைலில் குற்றாலம் இருக்கிற ஊரில் வாழ்க்கைப்படப் போகிறேன் என்று தோழிகளிடம் அவ்வளவு பெருமை அடித்திருந்தேன். வந்து ஐந்து மாதமாகியும் அருவியை நான் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. ஒரு முறை மெதுவாகக் கேட்டபோது, "சீசன் கூட்டத்துல புதுப்பொண்ணு நனைஞ்சுக்கிட்டு நிக்கவா?" என்றாள் அத்தை. பேச்சு அதோடு முடிந்தது. ஆடி பிறந்தால் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நான் திரும்பி வருவதற்குள் சாரல் முடிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"குத்தாலத்துப் பேய்க்கதை அத்தை. தொடர்கதை. நம்ம கோபுரமும் வருது."

"குத்தாலத்துலயா? எங்கன?"

பேய் எப்படிப்பட்டது, யாரைப் பிடித்தது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டாள். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பங்களா என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "வாசி, கேப்போம்" என்றாள்.

சென்னையிலிருந்து வந்து பங்களாவில் தங்கும் ஒரு இன்ஜினீயர். அவருடைய அறையில் தினமும் நட்டநடு மதியத்தில் யாரோ குளித்துவிட்டு நடந்த ஈரக் காலடிகள். பாதையோரப் பனைமரங்கள் தலைவிரித்து ஆடின என்று வாசித்ததும் அத்தை கையை நீட்டி நிறுத்தினாள். "அங்கன ஏதுட்டி பனைமரம்? பலாவும் தென்னையுந்தான். எழுதுனவன் அசலூர்க்காரன்." ஆனால் அடுத்த பத்தியில், தென்காசிக் கோயில் வாசலில் காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளியது என்று வந்தபோது, "ஆமா, தள்ளும்லா" என்று குரலை இறக்கிச் சொன்னாள். பத்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவளுடைய முன்கையிலும் மயிர் சிலிர்த்திருந்தது.

அப்புறம் சனிக்கிழமை மதியங்கள் எங்களுடையவை ஆகின. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கணவர் ரயிலடிக் கடையில் பத்திரிகை வாங்கி வருவார். மறுநாள் அத்தை பதினோரு மணிக்கே உலையை இறக்கிவிட்டு, வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கதையில் ஒரு வாரம், ஈரப்பெண் கோபுரத்தின் பிளவுக்குள் நின்று இன்ஜினீயரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நாள் நாங்கள் கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தோம். பிளவிலிருந்து புறாக்கூட்டம் படபடவென்று கிளம்பியது. அத்தை என் கையைப் பற்றிக்கொண்டாள். கல்யாணமான பிறகு அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல்முறை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கணவர் வெறுங்கையோடு வந்தார். சென்னைப் பார்சல் வரவில்லையாம். அடுக்களையில் என்னிடம் மட்டும் சொன்னார். அத்தையிடம் சொல்ல நான் மறந்தேபோனேன். மறுநாள் அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து, "ஏட்டி, அந்த ஈரக்காரி யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுருமா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வாரத்துப் பத்திரிகையை எடுத்தேன். நடுப்பக்கத்தைப் பிரித்தேன். "தெரிஞ்சுரும் அத்தை" என்று சொல்லி, என் மனசிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

நாலு வரி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் தானாக ஓடியது. அந்த ஈரப்பெண் உயிரோடிருந்தபோது மழை பெய்யாத ஊரிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மச்சில் ஏறினால் தூரத்து மலையில் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். தெருவில் வில்வண்டிகள் குளிக்கப் போகும், ஈரத்தலையோடு திரும்பி வரும். அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் கூட்டிப் போகவில்லை. ஒரு காய்ச்சலில், அருவித்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மேலே படாமல் செத்துப்போனாள். அதனால்தான் செத்த பிறகு நனைந்துகொண்டே திரிகிறாள். அவள் வாழ்ந்த வீடு கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது தெருவில், பச்சைக் கதவு வீடு.

சொன்ன பிறகுதான் அது எங்கள் வீடு என்பது எனக்கே உறைத்தது. அத்தையின் கையில் பாக்குவெட்டி நின்றுவிட்டது.

"பச்சைக் கதவா?"

"அப்படித்தான் போட்டுருக்கு."

"அந்தப் புள்ளைக்கு மாமியார் உண்டும்லா? அவ என்ன செஞ்சாளாம்?"

"அவளப் பத்தி ஒண்ணும் எழுதல அத்தை."

"எழுதிருப்பான். நல்லாப் பாரு."

நான் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க உப்பையும் கொடித்துணியையும் பற்றிக்கூட அவள் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கணவர் உற்சாகமாக உள்ளே நுழைந்தார். "அம்மா, போன வாரம் வராததும் சேந்து வந்துட்டு!" என்று இரண்டு பத்திரிகைகளையும் அவள் மடியிலேயே போட்டார். பொய் சொன்னதற்குத் திட்டுவாளா, பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவாளா என்று என் மனசில் பலதும் ஓடியது. அத்தை இரண்டையும் என்னிடம் நீட்டினாள். "இப்பமே வாசி."

வாசித்தேன். பேயே இல்லையாம். பங்களாவில் திருட்டு நகையைப் புதைத்து வைத்திருந்த ஒருவன் சேலை கட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பயங்காட்டியிருக்கிறான். போலீஸ் வந்தது, கதை முடிந்தது. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இம்புட்டுத்தானா? சேலை கட்டுன களவாணியா! சப்புனு போச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "போன வாரம் நீ வாசிச்சதுதாம்ட்டி கதை."

"அத்தை, அது வந்து..."

"எனக்கு எழுத்துத்தான் தெரியாது. கண்ணு தெரியும். அதுக்கு முந்துன வாரத்துப் படந்தான் அதுல இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலை நான் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, மாற்றுச்சேலை மூட்டையும் எண்ணெய்ச் செம்புமாக வாசலில் நின்றாள். "கெளம்பு. முத பஸ்ஸுக்குப் போனாத்தான் கூட்டம் இருக்காது."

பேருந்து குற்றாலத்துக்குள் திரும்பியதும் அருவியின் இரைச்சல் கேட்டது. கதையில் எவனாலும் எழுத முடியாத இரைச்சல். சாரல் முகத்தில் ஊசியாய் இறங்கியது. அத்தை என்னைப் பாறையில் உட்கார வைத்து, உச்சியிலிருந்து எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். பெண்கள் நிற்கிற பக்கத்தில் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மலையே தலைமேல் விழுந்ததுபோல இருந்தது. மூச்சு நின்றது, கண் தெரியவில்லை, நான் கத்தினேன். பக்கத்தில் என்னைவிடச் சத்தமாக இன்னொருத்தி கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தால், அத்தை! வாயைத் திறந்து சிறுபிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு கத்துகிறாள்.

தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அத்தை, நீங்க கடைசியா எப்போ குளிச்சிய?"

"உங்க மாமா இருந்தப்ப ஒருக்கா. அதுக்குப் பொறவு யார் கூட்டிட்டு வந்தா?" என்று கூந்தலை முறுக்கிப் பிழிந்தாள். அருவியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அடுத்த சனிக்கிழமைக்கு என்ன கதை?"

"தொடர்கதைதான் முடிஞ்சுட்டே அத்தை."

"அவன் கதைதான முடிஞ்சுது. உன் கதைல அந்த மாமியார விட்டுட்டியே. அவளையும் செத்துப்போனதா வச்சு பேயாக்கிரு. ரெண்டு பேருமா நனையட்டும். அந்தப் புள்ள பாவம், எதுக்குத் தனியா அலையணும்?"