சோபா தைக்கிறவரின் முன்பல்

என் அக்காவுக்கு முகம் நினைவில் நிற்காது. எங்கள் மாடியில் மூன்று வருடம் குடியிருந்த பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டு, "யாருடி இவங்க, ரொம்ப நாள் பழகின மாதிரி பேசறாங்க?" என்று என் காதைக் கடித்தவள் அவள். அந்தப் பெண் ஏதோ பேச்சில் வாய்விட்டுச் சிரித்தார். உடனே அக்கா, "அட, மேல் வீட்டு அம்மா! எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கீழ்வரிசையில் ஒரு பல் உள்ளே தள்ளி இருக்குமாம். மூன்று வருடம் மாடிப்படியில் எதிரும் புதிருமாகப் போய்வந்த எனக்கு அது தெரியாது.

அத்தானை முதன்முதலில் பார்த்துவிட்டு வந்த அன்று, ஆள் எப்படி என்று கேட்டேன். "கடைவாய்ப் பல் எல்லாம் பத்திரமா வச்சிருக்கார்" என்றாள். நிறமோ உயரமோ சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அத்தான் ஆறடி.

அக்கா பல்செட் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. பல்செட்டை டாக்டரே உட்கார்ந்து செய்கிறார் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் வாயில் அச்சு எடுப்பதோடு சரி. அந்த அச்சு ஈரத்துணியில் சுற்றி அக்காவின் அறைக்கு வரும். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, அந்த வாயை அப்படியே மேஜைமேல் கொண்டுவந்து வைப்பாள். அதன்மேல் மெழுகில் பல்லை அடுக்கி, பிளாஸ்டிக்காக மாற்றி, குக்கரில் வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கி அனுப்புவாள். குக்கர் என்றால் நம் வீட்டுக் குக்கரேதான். விசில் சத்தம் கேட்டு, "என்ன சமையல்?" என்று எட்டிப் பார்க்கிறவர்களிடம், "தாத்தா ஒருத்தரோட மேல்வரிசை" என்பாள். அதற்குப் பிறகு அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

அறை ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய், எங்கே கை வைத்தாலும் வெள்ளைத் தூள். எதிர்க்கட்டிடத்து மருந்துக்கடையில் எனக்கு வேலை. மதியச் சாப்பாடு அக்காவோடுதான். என் சோற்றிலும் பிளாஸ்டர் கொஞ்சம் போயிருக்கும். இருபத்தாறு வருடமாக அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு நேரில் வந்து சிரித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எனக்கு அது பொறுக்காது. சட்டை தைக்கிறவருக்குக்கூட, அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் எதிரே வந்து நிற்பான். அக்காவுக்கு அந்தக் குறையே இல்லை. "ஆள் எதுக்கு? வாய்தான் வந்துடுதே" என்பாள்.

வேலை முடிந்த பிளாஸ்டர் வாய்களை மாதக் கடைசியில் உடைத்துக் கொட்டுவது வழக்கம். எல்லாப் பல்செட் அறைகளிலும் அப்படித்தான். அக்கா ஒரு வகையை மட்டும் உடைக்க மாட்டாள். டாக்டர் 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பியவை. அவற்றை டாக்டரின் சீட்டோடு சேர்த்து ஒரு இரும்பு அலமாரியில் அடுக்கிவைப்பாள். தன் தப்பெல்லாம் தன் கண்முன் இருக்க வேண்டுமாம். அந்த அலமாரிக்கு நான் வைத்த பெயர் குற்றவாளிக் கூண்டு. நாலு வருடத்துக்கு முன் அறைக்கு வெள்ளையடித்தபோது, இந்தக் குப்பை எதற்கு என்று பாதியை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். குப்பை வண்டி வருவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன வருடம் ஒரு மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். நாற்பது வயதுப் பெண். பழைய வழக்குகளைப் பார்க்கிற பிரிவாம். சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பதினாலு வருடத்துக்கு முன், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்த்தொட்டியைச் சுத்தம் செய்தபோது எலும்புக்கூடு ஒன்று கிடைத்ததாம். ஆண். முப்பது வயதுக்குள் இருக்கலாம். பின்மண்டையில் அடிபட்ட பிளவு. இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கூடக் கிடைத்தது, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல் தகடு ஒன்றுதான்.

"அப்பவே எல்லா பல் டாக்டரையும் விசாரிச்சிருக்காங்க. யாரும் என்னுதுன்னு சொல்லல. பல் செய்யறவங்களை மட்டும் ஒருத்தரும் கேக்கல" என்றார் அதிகாரி.

"எப்படிக் கேப்பாங்க? நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாதே" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது.

அவர் சிரிக்கவில்லை. "இந்த வருஷத்துக்குள்ள பேர் தெரியலைன்னா கேஸை மூடிடுவாங்க. எலும்பை ஒரு நம்பர் போட்டுப் புதைச்சிடுவாங்க. யாரோ ஒருத்தர் இந்த ஆளுக்காக இன்னும் காத்துட்டிருக்கலாம் இல்லையா?" என்றார். அக்காவின் அறை அவர் ஏறி இறங்கிய நாற்பத்தோராவது அறையாம்.

அக்கா எழுந்து குழாயடியில் கையைக் கழுவினாள். அந்தத் தகடு இருந்த பையை அதிகாரியிடம் வாங்கி, பிரிக்காமலே ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நிறம் மங்கியிருந்தது. வலது பக்கத்து மேல் முன்பல். கொஞ்சம் திரும்பி, கோணலாக இருந்தது. விளிம்பில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெட்டு.

"இது என் கைதான்" என்றாள்.

நேராகக் கூண்டுக்குப் போனாள். மூன்றாவது தட்டில் பின்வரிசையிலிருந்து ஒரு பிளாஸ்டர் வாயை எடுத்தாள். நான் சாக்கில் கட்டியது அந்தத் தட்டைத்தான். அதிகாரி யாருக்கோ போன் செய்து அனுமதி கேட்டுவிட்டு, கையுறை மாட்டி, தகட்டை அந்த வாயின் அண்ணத்தில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

பிளாஸ்டரோடு ரப்பர் வளையம் போட்டு ஒரு சீட்டு இருந்தது. அதை அனுப்பிய டாக்டர் எந்தச் சீட்டிலும் நோயாளியின் பெயரை எழுத மாட்டார், தொழிலை எழுதுவார். 'பேர் தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போறே? அந்த வாய்க்கு என்ன வேலைன்னு தெரிஞ்சா போதும்' என்பாராம். அவர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போய், அங்கேயே இறந்தும் போய்விட்டார். எலும்புக்கூடு கிடைத்தபோது அவர் ஊரில் இல்லை. சீட்டில் இருந்தது இதுதான்: 'சோபா தைக்கிறவர். மேல் முன்பல், வலது. பாதி உடைந்திருக்கிறது. பிடுங்கிய அன்றே மாட்ட வேண்டும். அவசரம்.' அதன்மேல் சிவப்பு மையில்: 'கோணல். வேறு செய்.'

அக்கா நடந்ததைச் சொன்னாள். பிளாஸ்டர் வாயில் உடைந்த பல்லின் பாதி தெரிந்தது. அது திரும்பியிருந்தது, விளிம்பில் வெட்டும் இருந்தது. அவள் அதை அளந்து வைத்துக்கொண்டு, பிளாஸ்டரில் அந்தப் பாதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அப்படியே செய்து அனுப்பினாள். புதிதாகப் பல் வைக்கிறவர் யாராவது கோணலாகக் கேட்பார்களா என்று டாக்டர் போனில் கத்தினார். அவள் அந்தக் கோணல் பல்லைக் கூண்டில் வைத்துவிட்டு, நேரான பல் ஒன்று செய்து கொடுத்தாள். இரண்டே நாளில் அந்த நேர்ப் பல் திரும்பி வந்தது. 'பழையதையே கொடு' என்று ஆள் அனுப்பியிருந்தார் டாக்டர். காரணம் சொல்லவில்லை. தன்னுடைய கோணல் வேலையை மற்றவர்களுக்குக் காட்டிச் சிரிக்கத்தான் வாங்குகிறார் என்று அக்கா இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேர்ப் பல்லும் இன்னும் கூண்டில்தான் இருந்தது.

மறுநாளே அதிகாரி போன் செய்தார். காணாமல்போனவர்கள் பட்டியலில் சோபா தைக்கிறவர் ஒரே ஒருவர்தான். பதினாறு வருடத்துக்கு முன் காணாமல்போனவர். வயது இருபத்தெட்டு. எலும்புக்கூடு கிடைத்த சமயத்தில் அவருடைய மனைவியையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அதிகாரி அந்தத் தாளைப் படித்தார். "பொய்ப் பல் உண்டா? இல்லை. எல்லாம் சொந்தப் பல். அடையாளம்: வலது முன்பல் கோணல்."

அக்கா போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பொண்டாட்டிக்கே தெரியல பாருடி. நான் கொஞ்சம் சுமாரா செஞ்சிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. பதினாலு வருஷம்!"

"ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு அழற முதல் ஆள் நீதான். அடிச்சுப் போட்டவன் எங்கேயோ ஹாயா இருக்கான், நீ உட்கார்ந்து மூக்கைச் சிந்து" என்று கத்தினேன். எனக்கும் அழுகை வந்தது. கோபமாக மாற்றிக்கொண்டேன், என் சுபாவம் அப்படி.

சோபா தைக்கிறவரின் மகளுடைய எச்சிலை எடுத்து எலும்போடு ஒப்பிட்டார்கள். ஏழு வாரம் கழித்து, அவர்தான் என்று உறுதியானது. அவருடைய பட்டறையில் கூட்டாளியாக இருந்தவரைப் போலீஸ் பிடித்தது. சோபா தைக்கிறவர் வேறொரு பெண்ணோடு ஓடிப்போய்விட்டார் என்று முதன்முதலில் ஊரில் சொன்னவரே அவர்தானாம். வழக்கு நடக்கிறது, நடக்கட்டும்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஒரு அம்மாவும் பதினேழு வயதுப் பெண்ணும் அறை வாசலில் வந்து நின்றார்கள். "இங்க பல்செட் செய்யறவங்க..." என்று அந்தப் பெண்தான் கேட்டாள். அக்கா அவள் வாயைப் பார்த்தாள். வலது முன்பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "உள்ள வாங்கம்மா" என்று இரண்டு ஸ்டூலையும் துணியால் துடைத்துப் போட்டாள். யார் என்று கேட்கவே இல்லை.

சோபா தைக்கிறவரின் மனைவி ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து பேசாதவர். அந்தப் பல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் வந்தேன் என்றார். அக்கா நேர்ப் பல்லை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சரியா செஞ்சது இதுதாங்க. ரெண்டே நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அந்த அம்மா விரலால் அதன் விளிம்பைத் தடவினார். "இதுல ஆணி நிக்காது அக்கா."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். சோபாவில் துணி அடிக்கிறவர்கள் குட்டி ஆணிகளை ஒரு கை நிறைய வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கையில் காந்தச் சுத்தியல். நாக்குதான் ஆணியை ஒவ்வொன்றாக முன்பல்லுக்குத் தள்ளும். தலை வெளியே நீட்டிக்கொண்டு ஆணி நிற்க வேண்டும், சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போகும். அவருக்கு அது வந்து நிற்கிற இடம் அந்தக் கோணல் பல்லின் வெட்டு. வருடக்கணக்காக ஆணி உரசி உரசி உண்டான வெட்டு அது.

"பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்பதான் பல் உடைஞ்சிருக்கணும். நான் குழந்தையோட திரும்பி வந்தப்ப எப்பவும் போலதான் ஆணி எடுத்து அடிச்சுட்டிருந்தாரு. எட்டு மாசம் ஒரே வீட்டுல இருந்தேன். எனக்குத் தெரியலையே அக்கா."

"என்னாலதான்மா. மன்னிச்சுடுங்க" என்றாள் அக்கா.

"நீங்க எதுக்கு? ஸ்டேஷன்ல கேட்டப்ப இல்லைன்னு சொன்னது நான்தானே. அப்போ அது அவர் இல்லைன்னு நினைச்சேன். எங்கேயோ உயிரோட இருக்காருன்னு அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வர்ற வழியில இவளுக்கு பலூன் வாங்கிக் கொடுத்தேன்." நேர்ப் பல்லை மேஜையில் வைத்துவிட்டு, "ஓடிப்போயிட்டான், ஓடிப்போயிட்டான்னு பதினாறு வருஷம் கேட்டாச்சு. அவர் ஓடிப்போகலைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாராட்ட ஒருவர் நேரில் வரமாட்டாரா என்று இருபத்தாறு வருடமாக அக்காவுக்காக ஏங்கியவள் நான். இப்படி ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை.

அசல் பிளாஸ்டர் வாயைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. போவதற்கு முன்பே, அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, அக்கா அதை ஒரு நகல் எடுத்துவைத்திருந்தாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை. நகலில் பல் இல்லாமலிருந்த இடத்தில் முழுப் பல் ஒன்றை, அதே கோணலோடும் அதே வெட்டோடும், புதிதாகச் செய்து வைத்திருந்தாள். அதைத் துணியிலிருந்து பிரித்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

வீட்டில் இருக்கிற அப்பாவின் போட்டோ எல்லாவற்றிலும் வாய் மூடியே இருக்கும் என்று சொன்னாள் அந்தப் பெண். கோணல் பல் தெரிந்துவிடும் என்று கூச்சப்படுவாராம். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நாக்கால் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா சிரிச்சா இப்படித்தான் இருக்குமாம்மா?"

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். வெட்டில் விரல் நகத்தை வைத்து எடுத்தார்.

"இப்படித்தான். ஆனா சிரிக்கறப்ப வாய் நிறைய ஆணி இருக்கும்" என்றார்.