ஒளிர்ந்தது சாறுதான்

றெஜினா அக்கா கொழும்பில் மாரடைப்பால் காலமானார் என்று போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சொன்னார்கள். சண்டையால் கொழும்புப் பாதை மூடியிருப்பதால் சுருவிலில் இருக்கும் என்னால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஊர்காவற்றுறைக் கோயிலில் அவருக்காக நடந்த பூசைக்குப் போனேன். அங்கே வந்திருந்தவர்களிடம் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் கொழும்பில் அவருடைய ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். உயிருள்ள தசைக் கலங்கள், அதாவது செல்கள், குளுக்கோசை எப்படி உள்வாங்குகின்றன என்பதே அவருடைய ஆய்வு. குளுக்கோசோடு ஒளிரும் பொருளொன்றை இணைத்துக் கலங்களுக்குக் கொடுப்போம். அதை உள்வாங்கிய கலம் நீல ஒளியின் கீழ் பச்சையாகத் தெரியும். எங்கள் இருவரின் ஊரான யாழ்ப்பாணத் தீவுகளில் நீரிழிவுக்குக் குடிக்கும் ஆவாரம்பூச் சாற்றைச் சேர்த்தபோது கலங்கள் அதுவரை நாங்கள் காணாத அளவுக்குப் பிரகாசித்தன.

நத்தார் என்னும் கிறிஸ்மஸ் விடுமுறையில் ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். "ஆவாரம்பூவில ஏதோ இருக்குது. அதுக்காக இன்சுலின் ஊசியை விட்டிடாதேங்கோ" என்றார். முதல் வசனம் மட்டுமே கடல் தாண்டியது.

விடுமுறை முடிந்து கொழும்புக்குத் திரும்பியதும் சோதனையை மறுபடி செய்தார். ஒளிரும் குளுக்கோசைச் சேர்க்காமல் சாற்றை மட்டும் கலங்களில் இட்டார். அப்போதும் பச்சை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"சாறே தனிய ஒளிருது. நாங்கள் பார்த்தது குளுக்கோசை இல்லை."

அன்று பின்னேரம் அவருடைய தமையன் ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தார். "உன்ர பேச்சைக் கேட்டு நெடுந்தீவுச் சிவபாதம் ஊசியை விட்டிட்டாராம்."

இரவுப் பஸ்ஸில் புறப்பட்டு, மறுநாள் மதியம் நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில் நின்றோம். படகு புறப்படக் கடற்படையின் அனுமதி வரவில்லை. அது கிடைக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. அதுவரை அக்கா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நெடுந்தீவில், மாடு வளர்க்கும் சிவபாதம் ஐயா தன் வீட்டில் பாயில் சுருண்டு கிடந்து பெருமூச்சு வாங்கினார். மூச்சில், நீரிழிவு முற்றினால் வரும் பழ வாசம் அடித்தது. "மூண்டு நாளாச் சத்தி, ஒண்டும் வயித்தில நிக்குதில்லை. தண்ணி தண்ணியெண்டு கேக்கிறார்" என்றார் மனைவி.

"ஐயா, நான் சொன்னது பிழை" என்றார் அக்கா.

"உங்கட சொல்லை நம்பித்தானே விட்டனான்" என்றார் அவர்.

தீவு ஆஸ்பத்திரியில் முதலுதவி கொடுத்து, உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மீன்பிடிப் படகொன்றில் ஏற்றினோம். கரை சேரும்வரை அக்கா அவருடைய தலையை மடியில் தாங்கியிருந்தார். இடையிடையே அவருடைய மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். ஐயா பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அதே மண்டபத்தில் அக்கா எழுந்து நின்றார். "சோதனை பிழைச்சுப் போச்சு. சாறைத் தனியப் பாத்திருக்கவேணும். பாக்கேல்லை."

"ஆர் பாக்காமல் விட்டது?" என்று ஒருவர் கத்தினார்.

"நான்தான்."

"ஒரு மனிசன் செத்திருப்பான்!"

"ஓம். செத்திருப்பார்."

சிவபாதம் ஐயாவின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு ஊரில் பலர் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். முதற் சோதனையில் சாற்றைத் தனியாகப் பார்க்கும் வேலை என்னுடையது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பார்க்காமலே பதிவேட்டில் "ஒளிர்வு இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து அக்காவுக்குத் தெரியும். கொழும்புக்குத் திரும்பும் வழியில் நான் சொல்லத் தொடங்கியபோது, "அதை விடும். நாளைக்கு முதலிலயிருந்து செய்வம்" என்றார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் சொன்ன அந்த "நான்தான்" இத்தனை வருடம் என்னிடம் இருந்தது. அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் சிவபாதம் ஐயாவின் மனைவிக்கும் சொல்கிறேன்: பார்க்காமல் விட்டது அக்கா அல்ல. நான்.