எதிர்க்கடைக்காரனின் காவடி

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் இட்லிக் கடை. நேர் எதிரே அவன் கடை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே தொழில். திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கிற அதே கூட்டத்தை நம்பித்தான் இரண்டு அடுப்பும் எரிகிறது. என் சாம்பாரில் முகம் கழுவலாம் என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன். அவன் வடையால் நாயை அடிக்கலாம் என்று சொன்னவன் நான். நேரில் பேச்சு கிடையாது. அவன் காக்காயைத் திட்டினால் அது எனக்கு. நான் அடுப்பைத் திட்டினால் அது அவனுக்கு.

என் மகளுக்குக் காது குத்த மலைமேல் போயிருந்தோம். மொட்டை அடித்தாயிற்று, ஆசாரி ஊசியோடு தயார். தாய்மாமனைத்தான் காணோம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? என் மச்சான் வந்த பஸ் பள்ளிப்பட்டைத் தாண்டி மக்கர் பண்ணிவிட்டது. "வந்துகினே இருக்கேன்க்கா" என்று போனில் சொன்னானே தவிர, வந்தபாடில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது. "மாமன் மடி இல்லாம குத்துனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்த எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் ஒக்காரட்டாம்மா? கூடப் பொறந்தவன்னு நெனச்சிக்க" என்று அவளிடம் கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் "ஒக்காருண்ணா" என்றுவிட்டாள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். அவள் மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்து "ஆச்சுடா, ஆச்சு" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

மறுநாளே தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு ரோட்டைத் தாண்டினேன். மாமன் மரியாதையைச் செய்து நன்றிக் கடனைத் தீர்த்துவிட்டால் நிம்மதியாகச் சண்டையைத் தொடரலாம் அல்லவா? பாவி, தட்டைத் தொடக்கூட இல்லை. "வேட்டியெல்லாம் நெறைய கீது பாவா. எடுத்துகினு போ" என்றான். தங்கச்சி புருஷனைக் கூப்பிடுகிற அந்த 'பாவா'வைக் கேட்டு அவன் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மகளுக்கு அந்தக் கவலை ஏது? தினமும் சாயங்காலம் அம்மாவை இழுத்துக்கொண்டு "மாமா கடை"க்குப் போய் வடை தின்பாள். "மொதலாளி பொண்ணே அங்கதான் துன்னுது, இன்னா சங்கதி?" என்று கேட்டுவிட்டு என் வாடிக்கைக்காரர்களும் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். வயிறு எரியுமா, எரியாதா?

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடி எடுக்க மாலை போட்டிருந்த எதிர்க்கடைக்காரன், தன் கடையிலேயே சிந்திய மாவில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். அவன் மனைவி என் கடைக்கு வந்து நின்றாள். "சாமி கடன் நின்னுபோச்சேன்னு பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறாருண்ணா. சொந்தத்துல யாராவது அவருக்காகத் தூக்கலாமாம். கூடப் பொறந்தவங்க யாருமில்ல. எங்களுக்கு நீங்கதான சொந்தம்?"

அப்பாடா! கடனைத் தீர்க்க வந்ததடா வழி! அவன் கால் உடைந்ததற்கு வருத்தம்தான், சத்தியமாக. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். மஞ்சள் வேட்டி கட்டி, சரவணப் பொய்கையில் முழுகி, பூக்காவடியைத் தோளில் ஏற்றி அரோகரா போட்டுப் படியேறினேன். அவன் ஆட்டோவில் மேலே போய்விட்டான். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. பின்னால் வந்த அவன் மனைவியிடம், "இன்னா வேண்டுதல்மா?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "கோச்சிக்காதீங்கண்ணா. பாப்பாக்குக் காது குத்தறதுக்கு முன்னாடி வேண்டிகினது. ஒங்க கடையவிட எங்க கடை நல்லா ஓடணும்னு. ஓடிச்சு. அதான் காவடி."

அட முருகா! ஏறிய காவடியை நடுவழியில் இறக்கவும் கூடாது. என் வியாபாரம் படுத்ததற்கு நானே நன்றிக் காவடி தூக்குகிறேன்! முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. நாலு படி ஏறினால் சிரிப்பு, மறுபடி நாலு படி ஏறினால் சிரிப்பு. பின்னால் வந்தவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று வழிவிட்டார்கள்.

மேலே கட்டுக்காலோடு உட்கார்ந்திருந்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். காவடியைச் செலுத்திவிட்டு வந்த என் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுமா தூக்கினு வந்த பாவா?" என்றான். இந்த 'பாவா'வில் கிண்டல் இல்லை.

"ஓடட்டும்யா. எம்பொண்ணு துன்ற கடைதான?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஆடிக்கு ஒனக்காக நான் தூக்கறேன். இன்னான்னு வேண்டிக்கட்டும், சொல்லு" என்றான்.

"ஒங்கடையவிட எங்கடை நல்லா ஓடணும்னு வேண்டிக்க. முழு மனசோட வேண்டணும், ஆங்!"

சன்னதிப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பாவா, அந்த வேட்டிய இன்னும் வெச்சிகினு கீறியா? குடு, இதுக்குப் பதிலா அத்த வாங்கிக்கறேன்" என்றான்.