பச்சைக்கல்லும் வீட்டுச் சாவியும்

காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குக் கல் அரைக்கிற வேலை. வெளியூரிலிருந்து மூட்டையில் பச்சைக்கல் வரும். அதில் நிக்கல் இருக்கிறது என்பார்கள். மூட்டையில் கார்னியரைட் என்று எழுதியிருக்கும். உடைத்து, மில்லில் போட்டு, மாவாக்கிக் கொடுப்பேன். அதோடு என் வேலை முடிந்தது.

சாயங்காலம் சட்டையெல்லாம் பச்சை. என் வீட்டுக்காரி அலசினால் வாளித் தண்ணீர் பாசி பிடித்த ஊருணி மாதிரி ஆகிவிடும்.

"நானும் அரைக்கிறேன், நீங்களும் அரைக்கிறீக. நான் அரைச்சா இட்லியாவது வருது" என்பாள்.

இதிலிருந்து வெள்ளையாக உலோகம் வரும் என்றேன். பச்சைக்கல்லில் வெள்ளையா, யாருக்குக் காது குத்துறீக என்றாள். விளையாட்டுத்தான். ஆனால் என் கையில் காட்ட ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்கூட வாசலில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு தடவையாவது அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஒரு வருசம் ஊர்ச்சனம் உள்ளே வந்து பார்க்க விட்டார்கள். அவளைக் கூட்டிப்போனேன். மேசைமேல் கண்ணாடித் தொட்டி. அதில் நிக்கல் கரைந்த பச்சைத் தண்ணீர். பித்தளைச் சாமான் ஏதாவது கொடுத்தால் முலாம் பூசித் தருவதாக அங்கே நின்ற பெண் சொன்னது. இவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். எங்கள் பூட்டுக்கு அது ஒன்றுதான் சாவி.

"கெட்டுப்போச்சுன்னா பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும், பாத்துக்கங்க" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

கழுவி, கம்பியில் தொங்கவிட்டு, கரண்ட் கொடுத்தார்கள். சாவி வெள்ளையாக வெளியே வந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

டவுன் பஸ்ஸில் நானே சொன்னேன். தண்ணீரில் போட்டது பாட்டிலில் வாங்கிய நிக்கல் உப்பு, நான் அரைத்த கல் இல்லை என்று.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்தக் கல்லா இருந்தா என்ன. அதையும் ஒரு ஆளு அரைச்சிருப்பாருல்ல. அவரு வீட்லயும் ஒருத்தி சட்டை அலசியிருப்பா."

வீடு வந்தது. சாவியைப் போட்டாள். திறந்தது.

இப்போது அவள் இல்லை. நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டேன். மகன் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டிருக்கிறான். பழைய சாவி என்னிடம் இருக்கிறது. பிடிக்கிற இடத்தில் வெள்ளை தேய்ந்து பித்தளை தெரிகிறது. அவள் கட்டைவிரல் பட்ட இடம்.

திரும்பவும் முலாம் பூசி வரட்டுமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன்.